கங்கை மீன் சொன்ன பாடம்

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன் ஒன்று கங்கைச் சமவெளியில் உண்டு. 1822-ல் அதை நூலில் பதிவு செய்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். 1981-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்ட்ரெய்சிங்கர் ஒரே அச்சான வரிமீன்களை உருவாக்கிக் காட்டினார். அதன்பின் ஆய்வுக்கூடங்களில் அதற்குத் தனி மவுசு.

2017-ல் யூட்டா பல்கலைக்கழகத்தார் தொட்டிக்குள் ஒரு மேடை வைத்தார்கள். அதன்மேல் நீந்தினால் ஹைட்ரோகோடோன் என்ற வலிமருந்து தண்ணீரில் கலக்கும். சில நாளிலேயே மீன்கள் அங்கேயே சுற்றின. அஞ்சி ஒதுங்கும் ஆழமற்ற நீருக்கும் துணிந்து போயின. மருந்து நின்றதும் பதற்றம் கண்டது.

மீனுக்குக் கெட்ட சகவாசம் ஏது? நம் ஜீன்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணை அதனிடம் உண்டு என்று 2013-ல் தெரிந்தது. போதையை விட முடியாமல் தவிக்கிற பிள்ளையைத் திட்டி என்ன பயன்? வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். சிற்றுயிரையும் வதைக்கலாகாது என்று வளர்ந்தவன் நான். அந்த மீன்கள் பட்ட பாடு வீணாகக் கூடாது.