ஆமைக்குப் பாடம் சொன்ன குழந்தைகள்

ஒரு சின்னக் குழந்தையின் முன்னால் கம்ப்யூட்டரை வைத்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும், குழந்தை பட்டனைத் தட்டும். சரியாக இருந்தால் கைதட்டல் சத்தம், தப்பாக இருந்தால் "மறுபடியும் முயற்சி செய்". அதாவது இயந்திரம் ஆசிரியர், குழந்தை மாணவர்.

இதை அப்படியே தலைகீழாக்கினால்? குழந்தை ஆசிரியர், இயந்திரம் மாணவர்! இந்த யோசனைக்கு 50 வயதுக்கு மேல் ஆகிறது. அது வளர்ந்த கதையும், நடுவில் தொலைந்துபோன கதையும்தான் இது.

பற்சக்கரப் பையன்

செமூர் பேப்பர்ட் 1928-ல் தென்னாப்பிரிக்காவில் உள்ள பிரிட்டோரியாவில் பிறந்தார். சின்ன வயதில் அவருக்குப் பற்சக்கரங்கள் மேல் தனி மோகம். மனதுக்குள்ளேயே அவற்றைச் சுற்றவிட்டுப் பார்ப்பார். பெருக்கல் வாய்ப்பாடும், பிறகு சமன்பாடுகளும் அவருக்குப் புரிந்தது இந்த விளையாட்டின் வழியாகத்தான். இதை 1980-ல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற தன் புத்தகத்தின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

1958 முதல் 1963 வரை அவர் ஜெனீவாவில் ழான் பியாஜே என்ற அறிஞருடன் வேலை செய்தார். அறிவைக் குழந்தையின் தலைக்குள் ஊற்ற முடியாது, பொருட்களைத் தொட்டு, உருட்டி, உடைத்துப் பார்த்துக் குழந்தை தானே அதைக் கட்டிக்கொள்கிறது என்பது பியாஜேயின் கருத்து.

பேப்பர்ட் அதோடு ஒன்றைச் சேர்த்தார். தனக்குப் பிடித்த பற்சக்கரம் எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்காது. ஆனால் கம்ப்யூட்டர் எந்த உருவத்தையும் எடுக்கும். ஒருவருக்கு ஓவியம், இன்னொருவருக்கு இசை, வேறொருவருக்குக் கதை! அப்படியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் 'பற்சக்கரம்' கிடைத்துவிடும் அல்லவா?

ஆமை வந்தது

1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிபிஎன் என்ற நிறுவனத்தில், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன், பேப்பர்ட் ஆகியோர் சேர்ந்து 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கம்ப்யூட்டரின் விலை மிக அதிகமாக இருந்த காலம் அது. பெரிய நிறுவனங்களே யோசித்து வாங்கிய பொருளைப் பள்ளிக் குழந்தைகளின் கையில் கொடுக்கலாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

முதலில் லோகோவில் சொற்களும் எண்களும்தான் இருந்தன. சில வருடங்களில் ஆமை வந்து சேர்ந்தது. தரையில் ஊர்ந்து போகும் ஒரு ரோபோ, அதன் வயிற்றில் ஒரு பேனா. 'ஃபார்வர்ட் 100' என்றால் முன்னால் போகும். 'ரைட் 90' என்றால் வலது பக்கம் திரும்பும். இதை நான்கு முறை செய்தால் தரையில் ஒரு சதுரம்! பிற்பாடு இந்த ஆமை திரைக்குள் போய்விட்டது.

முக்கோணம் வரையும்போதுதான் வேடிக்கை. மூலையின் கோணம் 60 தானே என்று குழந்தை 60 என்று சொல்லும். முக்கோணம் வராது. அப்போது பேப்பர்ட் சொன்ன வழி, "நீயே ஆமையாக மாறி நடந்து பார்" என்பதுதான். நடந்து பார்த்தால், திரும்ப வேண்டியது 120 டிகிரி என்று கால்களே சொல்லிவிடும். விடை தப்பு என்று மதிப்பெண் போகவில்லை, சரிசெய்ய ஒரு புதிர் கிடைத்தது. கற்பனை விளையாட்டும் கணக்கும் ஒன்றாகிப்போன இடம் இது.

படிக்கத் தெரியாதவர்களுக்கு?

ஆனால் லோகோவுக்கு டைப் அடிக்க வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்?

இதற்கு விடை தேடியவர் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன். 1970-களில் அவர் 'டோர்டிஸ்' என்ற கருவியைச் செய்தார். முதலில் ஒரு பட்டன் பெட்டி. முன்னால், பின்னால், இடம், வலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன், அமுக்கினால் ஆமை நகரும். அடுத்து அட்டைகள் செருகும் பெட்டி. படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளைக் குழந்தை வரிசையாகச் செருகி ஒரு பட்டனைத் தட்டினால், ஆமை அந்த வரிசைப்படி செய்யும். எந்த அட்டையின் வேலை நடக்கிறதோ அங்கே விளக்கு எரியும். எழுத்தே தெரியாத குழந்தை நிரல் எழுதியது!

பிறகு என்ன ஆனது? பெர்ல்மன் அதைக் கைவிட்டார். காரணம் அவரே பிற்காலத்தில் சொன்னது. சுற்றிலும் ஆண்களாக இருந்த இடத்தில் தன்னை ஒரு விஞ்ஞானியாக மதிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சின்னக் குழந்தைகளோடு செய்யும் ஆராய்ச்சி அதற்குத் தடையாகிவிடுமோ என்ற பயம்.

அவர் சாதாரண ஆள் இல்லை. 1985-ல் 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற முறையைக் கண்டுபிடித்து, கணினி வலைப்பின்னல்கள் வளர வழி செய்தவர். அந்த வேலைக்கு உலகம் விருதுகள் கொடுத்தது. குழந்தைகளுக்காகச் செய்த வேலையோ பல வருடம் ஆய்வகத்துக் காகிதங்களில் தூங்கியது.

நாற்பது வருடம் கழித்து

பெரிய குழந்தைகளுக்கான வழி தொடர்ந்தது. 2007-ல் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 'ஸ்க்ராட்ச்' மொழியை வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வயதுக்கு 2014-ல் இரண்டு வந்தன. ஒன்று, படக் கட்டளைகளைக் கோத்துக் கதை செய்யும் 'ஸ்க்ராட்ச் ஜூனியர்'. இன்னொன்று, மரினா பெர்ஸின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த 'கிபோ' ரோபோ. இதில் திரையே கிடையாது. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றை ரோபோவிடம் காட்டினால் போதும், ரோபோ ஆடும். பெர்ல்மனின் பிளாஸ்டிக் அட்டைகள் மரக்கட்டைகளாகத் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

பேப்பர்ட் 2016-ல் இறந்தார். குழந்தை கம்ப்யூட்டரை இயக்குகிறதா, கம்ப்யூட்டர் குழந்தையை இயக்குகிறதா என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் இருக்கிறது. அழுகிற குழந்தையிடம் செல்போனைக் கொடுத்து உட்காரவைக்கும் எந்த வீட்டிலும் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கதையில் நாற்பது வருடத் தாமதத்துக்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் இல்லை. 1970-களிலேயே கருவி இருந்தது, விளையாடக் குழந்தைகளும் இருந்தார்கள். 'குழந்தை விளையாட்டு' என்று ஒரு வேலையை நாம் மட்டமாகச் சொல்கிறோமே, அந்தப் பார்வைக்கும் இதில் பங்கு உண்டு.