வரைபடத்தில் நிற்கும் மரம்

கட்டடம் எழவிருக்கும் நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது பிரித்தானியாவில் ஒரு தனித்தொழில். அதைக் கற்கப் புகுவோர் கணினி வரைவையும் கற்றாக வேண்டும். திரையில் இன்று எளிதாகக் கிடைக்கும் வசதிகள் சிலவற்றின் பின்னால் பழைய கைப்பழக்கங்கள் இருக்கின்றன. அவற்றைச் சற்றே பின்தொடர்வோம்.

1788இல் நிலத்தோற்றக் கலைஞராகத் தொழில் தொடங்கிய ஹம்ப்ரி ரெப்டன், தம்மை அழைத்த நிலக்கிழார்களுக்குக் கையெழுத்து நூல்களைத் தயாரித்தளித்தார். சிவப்பு அட்டையால் அவை செந்நூல்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றிலுள்ள நீர்வண்ண ஓவியங்களின்மேல் ஒட்டிய தாள்மடிப்பு, நிலம் அன்றிருந்த தோற்றத்தைக் காட்டும். மடிப்பை விலக்கினால் அவர் கருதிய மாற்றம் வெளிப்படும். இருப்பதும் வரப்போவதும் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது என்ற கவனம் அதிலே தெரிகிறது. பிற்கால வரைவுக்கூடங்களில் ஒளிபுகு தாள்களை அடுக்கி வரைந்ததும் இதே கவனத்தால்தான். கணினியில் 'லேயர்' எனப்படும் அடுக்கை இவ்விரண்டின் வாரிசாகவே நாம் காண்கிறோம். நிற்கும் மரம் ஓர் அடுக்கில், நடவிருக்கும் மரம் வேறோர் அடுக்கில் என்று பிரித்துவைப்பதே மாணவருக்கு முதற்பாடம்.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரையில் வரைய வழிசெய்தது. மூல உருவம் ஒன்றை வரைந்து அதன் படிகளைப் பல இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகளும் திருந்தும். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட், கணினி வரைவை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் 'பிளாக்' எனப்படுவது இந்தப் படியெடுக்கும் வசதியே. புதிதாக நடவிருக்கும் வரிசை மரங்களுக்கு அது பெரும் வரம். நூறாண்டு நின்ற மரத்துக்கோ அது பொருந்தாது. சுவரோரம் வளர்ந்த மரத்தின் கிளைகள் ஒருபுறம் இரண்டு மீட்டரும் மறுபுறம் ஏழு மீட்டரும் நீண்டிருக்கலாம். அதையும் ஒழுங்கான வட்டமாக்கிவிடுவது, அச்சுப்பலகையில் வட்டமிட்ட கைவரைவுக் காலத்திலிருந்தே தொடரும் சோம்பல்.

இதற்குக் கடிவாளமிட்டது பி.எஸ். 5837 என்னும் பிரித்தானியத் தரக்குறிப்பு. முதலில் 1980இல் வெளிவந்த அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, கிளைப்பரப்பை நான்கு திசைகளிலும் அளக்கச் சொல்கிறது. தண்டின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அளக்கவேண்டும் (வனத்துறையினரின் கணக்கு 1.3 மீட்டர்). சுற்றளவில் சுற்றினாலும் விட்டத்தையே காட்டும்படி கோடிட்ட நாடாக்கள் இதற்கென்றே உண்டு. ஒற்றைத்தண்டு மரமானால் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்க வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 50 சென்டிமீட்டர் தண்டுக்கு ஆரம் 6 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 113 சதுர மீட்டர்.

இங்கேதான் கற்பவரின் கை சோதிக்கப்படுகிறது. ஆட்டோகேட்டின் வட்டக் கட்டளை முதலில் கேட்பது ஆரத்தை. விட்டம் வேண்டுமானால் தனியே சொல்லவேண்டும். ஆறு என்ற எண்ணை விட்டமாக இட்டுவிட்டால் காப்புப் பரப்பு 28 சதுர மீட்டராக, கால்பங்காகச் சுருங்கிவிடும். திரையில் அது பிழையாகவே தோன்றாது. ஆனால் களத்தில் வேலி அமைவது அந்தக் கோட்டின்படிதான். வேலிக்கு வெளியே பளுவண்டிகள் ஓடும். வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், மண் இறுகிக் காற்றும் நீரும் புகாமல் வேர்கள் மடியும். மரம் உடனே சாயாது. கட்டடம் முடிந்து, ஒப்பந்தக்காரர் சென்ற சில ஆண்டுகளுக்குப் பின்னரே உச்சிக்கிளைகள் உலரத் தொடங்கும். அப்போது யாரைக் கேட்பது?

வரைபடத்தில் மரங்களுக்கு நிறமும் உண்டு. உயர்ந்த தரத்துக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், அதற்கும் கீழே சாம்பல். பத்தாண்டுக்குமேல் வைத்திருக்க இயலாதென மதிப்பிடப்பட்டவை சிவப்பு. அந்தச் சிவப்பு மரங்களிலும் சில, பொந்துகளில் வௌவால்கள் குடியிருப்பது போன்ற காரணங்களுக்காக வைத்துக்கொள்ளத் தக்கவையாக இருக்கலாம் என்பதைத் தரக்குறிப்பு ஏற்கிறது. அந்தப் பொந்து நிறத்தில் தெரியாது. வரைபவர் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்திருக்கவேண்டும்.