ஆறு மாதச் சான்றிதழுக்கு முன்னால்

1985-ல் சேரப்பணஞ்சேரி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு என் பையில் இருந்தவற்றை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குழந்தையை எடை போட ஒரு சுருள்வில் தராசு. வயிற்றில் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்கும் ஃபீட்டோஸ்கோப். விரல் நுனி ரத்தத்தைத் தாளில் ஒற்றி நிறம் பார்க்கும் அட்டை. இரண்டு டெஸ்ட் டியூப், ஸ்பிரிட் விளக்கு, பெனடிக்ட் கரைசல், அசிட்டிக் அமிலம். தொப்புள்கொடி கட்ட நூல், புது பிளேடு. பி.பி. பார்க்கும் கருவி மட்டும் கிடையாது. அது டாக்டர் மேஜையில் இருக்க வேண்டிய பொருள் என்று அப்போது நினைத்தார்கள்.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அந்தக் காலத்தில் பஸ் எப்போதாவதுதான் வரும். படப்பையில் இறங்கினால் மீதி தூரம் வரப்பு வழியே நடைதான். சேர்ந்த இரண்டாவது வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் ஊர் மருத்துவச்சி ஆயா ஆள் அனுப்பினார். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கால் வீங்கி, முகமும் ஊதியிருந்தது. தலைவலி என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நர்ஸம்மா, இது என் கைக்கு அடங்காது" என்று ஆயா காதோடு சொன்னார். சிறுநீரை டியூபில் பிடித்து மேல்பாதியைச் சூடாக்கினேன். மேகம்போல் வெள்ளை படர்ந்தது. அமிலம் இரண்டு சொட்டு விட்டும் கலையவில்லை. அந்த அளவு அல்புமின் என்றால் ஜன்னி வரும் நேரம் நெருங்குகிறது என்று பயிற்சியில் படித்திருந்தேன். பி.பி. எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. செங்கல் ஏற்ற வந்த லாரியில் அவளை உட்கார வைத்து, "ஜன்னி வரும் நிலை, உடனே பார்க்கவும்" என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அவளும் குழந்தையும் பிழைத்தார்கள். ஒரு வாரம் கழித்து மேலதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, நோய் இன்னதென்று எழுத உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார். பதில் சொல்லாமல் நின்றேன். அந்தக் கேள்வியின் வேரைத் தேடித்தான் எங்கள் தொழிலின் பழைய கதையைப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் கூடுதலாகப் படித்தேன்.

மதராஸில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி 1854-ல் தொடங்கியது. 1871-ல் அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி வந்தது. இரண்டுமே ஆஸ்பத்திரிச் சுவருக்குள், டாக்டர் கண் எதிரில் வேலை செய்வதற்கான பயிற்சிகள். 1926-ல் மதராஸ் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவேடு உண்டானது. யார் நர்ஸ் என்று எழுதி வைத்தார்கள். டாக்டர் இல்லாத தெருவில் அந்த நர்ஸ் என்ன செய்யலாம் என்பதை யாரும் எழுதவில்லை.

தெருவுக்குப் போகும் செவிலியர் என்ற எண்ணம் வேறு வழியாக வந்தது. டெல்லியில் 1918-ல் லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி, வீடு வீடாகப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. 1926-ல் இலங்கையின் களுத்துறையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு ஒரு சுகாதாரப் பிரிவு ஏற்பட்டது. அங்கிருந்து வளர்ந்த முறையில் இன்றும் யாழ்ப்பாணத்துத் தாய்மார் தங்கள் வீட்டுக்கு வரும் மருத்துவிச்சியைக் குடும்பநல உத்தியோகத்தர் என்கிறார்கள். 'குடும்பம்' என்ற சொல் வேலையின் பெயரிலேயே இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அதே அறக்கட்டளையின் துணையோடு நம் பூந்தமல்லியிலும் விடுதலைக்கு முன்பே ஒரு சுகாதாரப் பிரிவு நடந்தது. பூந்தமல்லியில் இருக்கும் பொது சுகாதார நிறுவனம் இன்றும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. நம் கொல்லைப்புறத்திலேயே இப்படி ஒரு வரலாறு இருந்தது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

நாட்டின் சுகாதாரத்தை ஆராய 1943-ல் அமைத்த போர் (Bhore) குழு 1946-ல் அறிக்கை கொடுத்தது. 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதில் 2 டாக்டர், 4 பொது சுகாதார செவிலியர், 4 மருத்துவச்சி என்று கணக்குப் போட்டது. 1952-ல் நிலையங்கள் திறக்க ஆரம்பித்தார்கள். டாக்டர் இடங்கள் காலியாகக் கிடந்த கிராமங்களில் வேலை நகர்ந்து நகர்ந்து கடைசியில் என்னைப் போன்ற துணை செவிலியர் தலையில் இறங்கியது. 1973-ல் கர்த்தார் சிங் குழு அவரைப் பல்நோக்குப் பணியாளர் ஆக்கச் சொன்னது. பயிற்சிக் காலமோ இரண்டு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷமாகச் சுருங்கியது. பிரசவம், தடுப்பூசி, மலேரியா, காசநோய், குடும்பக்கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த நேரத்தில் படிப்பைக் குறைத்தார்கள். நான் படித்தது அந்த ஒன்றரை வருஷப் படிப்புதான். எத்தனை கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் கூட்டி வந்தாய் என்று 90-களின் நடுவில் இலக்கு முறை போகும்வரை என்னை அளந்தார்கள். அந்த மழையில் வெள்ளை படர்ந்த டியூபை எந்த ரெஜிஸ்டரிலும் எழுதக் கட்டம் இல்லை.

இதற்கு முன்பே அமெரிக்காவில் வேறொன்று நடந்திருக்கிறது. கொலராடோவில் கிராமப்புறப் பொது சுகாதார செவிலியராக இருந்தவர் லொரெட்டா ஃபோர்ட். டாக்டர் கிடைக்காத ஊர்களில் நர்ஸ்கள் தாங்களாகவே முடிவெடுப்பதைப் பார்த்தார். மறுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதற்கென்று பயிற்சி வேண்டும் என்றார். 1965-ல் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரோடு சேர்ந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார். அது பட்டப்படிப்பாகத் தொடங்கவில்லை, ஒரு சான்றிதழ்ப் பயிற்சிதான். 2025 ஜனவரியில் அவர் 104 வயதில் காலமானார்.

என் தங்கை மகள் இப்போது அங்கே இந்தப் படிப்புதான் படிக்கிறாள். முதுகலை ஏற்கெனவே முடித்தவள். குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்காக மேலே ஒரு சான்றிதழ் சேர்க்கிறாள். கைக்குழந்தை முதல் கிழவர்வரை ஒரு குடும்பம் முழுவதையும் பரிசோதித்து, நோய் கண்டு, மருந்து எழுதும் வேலை. "பெரியம்மா, ஒருத்தர் மேற்பார்வையில 500 மணி நேரத்துக்கு மேல நோயாளிங்களைப் பார்த்தாத்தான் பரீட்சைக்கே விடுவாங்க" என்று போனில் சொன்னாள். அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010 வாக்கில் ஒரகடம் முழுக்கத் தொழிற்சாலை. ஏரிக்கரையை ஒட்டி வரிசை வீடுகள் முளைத்தன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு செவிலியருக்கு 5,000 பேர் என்ற கணக்கில் என்னிடம் இருந்த பட்டியலில் பாதிப் பெயர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறின. நைட் ஷிப்ட் முடித்து வரும் முப்பத்தைந்து வயது ஆளுக்கு 170 பி.பி. இருக்கும். தாய்சேய் நலத்துக்கென்று பயிற்சி பெற்ற கையில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்து விழுந்தன.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வைக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி நர்சிங் டிப்ளமோ முடித்து அப்படி ஓர் அறையில் நைட் ஷிப்ட் பார்த்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவனுக்கு வாயுவா, இதயமா என்று இரவு இரண்டு மணிக்கு அவள் ஒருத்திதான் தீர்மானிக்க வேண்டும். நான் வரப்பில் நின்று பட்ட பயத்தை அவள் ஏசி அறையில் உட்கார்ந்து பட்டாள்.

2017-ம் வருஷ தேசிய சுகாதாரக் கொள்கை நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பேச்சை எடுத்தது. 2018-ல் துணை சுகாதார நிலையங்களைச் சுகாதார நலவாழ்வு மையங்களாக மாற்ற ஆரம்பித்தபோது, படித்த செவிலியர்களுக்குச் சமுதாய நலத்தில் ஆறு மாத இணைப்புச் சான்றிதழ் பரவலானது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதை நடத்தியது. முடித்தவருக்கு வெளி மாநிலங்களில் சமுதாய சுகாதார அலுவலர் என்று பெயர். நம் மாநிலத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்போம். 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ம் பிரிவு இடைநிலைப் பணியாளருக்கு வரம்போடு மருந்து எழுத இடம் கொடுத்தபோது டாக்டர்கள் நாடு முழுக்கப் போராடினார்கள். போலி மருத்துவர் பெருகுவாரோ என்ற அவர்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது. டாக்டர் வரும்வரை நோயாளி காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில் எப்போதும் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருக்கிறாள். 1985-லும் நின்றாள். அவளுக்குப் படிப்பு கொடுப்பதா, வெறுங்கையோடு விடுவதா என்பது மட்டுமே நம்மால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் போதாது. ஒரு வருஷமாவது ஆக்கி, அதில் பாதியை நல்ல டாக்டர் பக்கத்தில் நின்று நோயாளியைத் தொட்டுப் பார்க்க விட வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்புக்குக் காத்திருப்பவளிடம் ஓர் ஊரின் உடம்பை ஒப்படைக்கக் கூடாது. ஒரு குடும்பத்தை அறிய எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது எங்கள் துணை நிலையத்துக்கு இடைநிலைப் பணியாளர் வந்தாள். கம்பெனி ஆம்புலன்ஸ் அறையில் இருந்த அதே எங்கள் தெருப் பெண். முதல் நாளே மேஜைமேல் பி.பி. கருவியை எடுத்து வைத்தாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் டாக்டர் எழுதிய மாத்திரைகள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. யாருக்கு அளவு இறங்கவில்லை, யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்று அவள் நோட்டுப் போட்டுப் பிரித்தாள்.

ஒரு மத்தியானம் வரிசை வீட்டிலிருந்து ஒடிசாப் பெண் ஒருத்தி வந்தாள். ஏழாம் மாதம், கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் பிக்மி நம்பர் கூட இல்லை. மொழி தெரியாமல் தலையைத் தொட்டுக் காட்டினாள். எங்கள் பெண் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு முறை அளந்தாள். 160-க்கு 110. குச்சியைச் சிறுநீரில் நனைத்தாள், கரும்பச்சை. டாக்டருக்குப் போன் போட்டு, "சார், கடுமையான ப்ரீ-எக்லாம்ப்ஸியா, 108-க்குச் சொல்லிட்டேன், அனுப்பட்டுமா?" என்றாள். என்ன நோய் என்பதைப் பெயர் சொல்லியே சொன்னாள். மறுமுனையில் டாக்டர் எங்கே அனுப்புவது என்பதையும், வண்டி வருமுன் என்ன ஊசி போட வேண்டும் என்பதையும் மட்டும் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வண்டி வரும்வரை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெண் ரெஜிஸ்டரைத் திறந்து, அளவையும் நேரத்தையும் நோயின் பெயரையும் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.