பிழைகள் தந்த சான்று: சைகைமொழி ஆய்வின் நாற்பது ஆண்டுகள்

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் வாய்ப்பேச்சுக்கே முதலிடம், சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதன்பின் எண்பது ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைகைக்கு மொழி என்ற மதிப்பே இல்லாமல் போயிற்று; மொழியியலாரும் அதைப் பாவனை என்று ஒதுக்கினர்.

இந்த நிலை மாறிய கதையை, வாஷிங்டனில் உள்ள கேலடெட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கியிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1960இல் வெளிவந்த அவரது சிறு ஆய்வேடு, அமெரிக்கச் சைகைமொழியின் சைகைகள் கையமைப்பு, இடம், அசைவு என்ற கூறுகளாகப் பிரிவதைக் காட்டியது. சுட்டுவிரலை நெற்றியின் குறுக்கே இழுத்தபடி கொக்கிபோல் வளைத்தால் 'கோடை'. அதையே மூக்கருகே செய்தால் 'அசிங்கம்'. முகவாயருகே செய்தால் 'உலர்ந்தது'. தடம், படம், வடம் என்பவற்றில் முதலெழுத்து செய்யும் வேலையை இங்கே இடம் செய்கிறது. 1965இல் வந்த அகராதியில் அவருடன் உழைத்த டோரதி கேஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் இருவரும் காதுகேளாதவர்கள். ஸ்டோக்கியின் பெயர் நிலைத்த அளவுக்கு அவர்கள் பெயர் நிலைக்கவில்லை.

ஆனால் கூறு பிரிப்பது ஆய்வாளரின் மேசையில் நடக்கும் வேலை. சைகை செய்பவரின் மனமும் அப்படித்தான் பிரிக்கிறதா? இதற்கு உறுதியான விடை தந்தவை ஒழுங்காகச் செய்த சைகைகள் அல்ல, தவறிப்போனவையே என்பது என் கருத்து.

1970களில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெலூகியும் எட்வர்ட் கிளைமாவும் நினைவாற்றல் சோதனைகள் நடத்தினர். ஒரு பட்டியலைக் காட்டி, நினைவிலிருந்து திருப்பிச் சொல்லவைப்பதுதான் சோதனை. ஆங்கிலத்தில் கேட்டவர்கள் 'வோட்' (வாக்கு) என்பதை 'போட்' (படகு) என்று மாற்றிச் சொன்னார்கள், ஒலி ஏமாற்றியது. சைகையில் பார்த்த காதுகேளாதோர் அதே 'வோட்'டுக்குத் 'தேநீர்' என்றார்கள். பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கையின் அசைவு மட்டுமே வேறு. 'குதிரை'க்கு 'மாமா' வந்தது. சைகை வெறும் படமாக மனத்தில் பதிந்திருந்தால் குதிரையின் இடத்தில் வேறொரு விலங்கல்லவா வந்திருக்க வேண்டும்?

அடுத்த சான்று நோயிலிருந்து வந்தது. பேச்சிழப்புக்கும் மூளையின் இடப்பக்கச் சேதத்துக்கும் உள்ள தொடர்பைப் பால் புரோக்கா 1860களிலேயே நிறுவியிருந்தார். மூளை நோயால் காதுகேளாதவர் ஒருவர் தம் சைகைகளையும் இழக்கக்கூடும் என்று லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1878இல் ஊகித்தார். ஆனால் சைகை வெளியில் நிகழ்வது. இடஞ்சார்ந்த அறிவோ பெரிதும் வலது அரைக்கோளத்தின் பொறுப்பு. அப்படியானால் சைகைமொழி எந்தப் பக்கம்?

ஹோவர்ட் பாய்ஸ்னர், கிளைமா, பெலூகி மூவரும் 1987இல் வெளியிட்ட நூலில், மூளைச் சேதமுற்ற ஆறு பேரை விரிவாக ஆராய்ந்திருந்தனர். இடப்பக்கம் சேதமானவர்களுக்குச் சைகைமொழி சிதைந்தது, பேசுவோரின் பேச்சிழப்பைப் போலவே. வலப்பக்கம் சேதமானவர்களில் ஒருவர் தம் அறையை விவரித்தபோது, அறைகலன்கள் எல்லாம் வலப்புறமே குவிந்தன. இடப்புறம் காலியாக நின்றது. அதே பெண்மணி வாக்கியம் அமைக்கையில், யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைக் குறிக்க இடப்புற வெளியையும் தடுமாறாமல் பயன்படுத்தினார். மொழி வேறு, வெளி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை வடிவமைப்பது கடினம்.

விவாதம் அத்தோடு ஓயவில்லை. 1998இல் ஹெலன் நெவில் குழுவின் எஃப்.எம்.ஆர்.ஐ. மூளைப்பட ஆய்வு, சைகை வாக்கியங்களைப் பார்க்கையில் வலது அரைக்கோளமும் வலுவாக இயங்குவதாகக் கூறியது. ஒரு பகுதி இயங்குவது ஒன்று, அது இல்லாமல் முடியாது என்பது வேறு. இந்த வேறுபாட்டில் சேதச் சான்றுக்கே நான் எடை கூட்டுவேன்.

2000இல் லாரா ஆன் பெட்டிட்டோ குழு, பிறவியிலேயே ஆழ்ந்த காதுகேளாமை உள்ளவர்களை பெட் ஸ்கேன் மூலம் ஆராய்ந்தது. கேட்டலுக்கு உரியதாகக் கருதப்பட்ட மேல்பொட்டுப் பகுதித் திசு, அவர்கள் சைகைகளைப் பார்த்தபோது இயங்கியது. பொருளுள்ள சைகைகளுக்கு மட்டுமல்ல, சைகைமொழியின் விதிப்படி அமைந்த பொருளற்ற கை அசைவுத் துண்டுகளுக்கும் அது இயங்கியது.