துபாயில் பெருநாள் விடுமுறைகளும் புலம்பெயர்ந்தோர் வாழ்வும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் துபாய் நகரில் வாழ்வோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வேறு நாட்டவர்கள். ரமலான் மாதமும் அதன் முடிவில் வரும் நோன்புப் பெருநாளும், துல்ஹஜ் மாதத்தில் வரும் ஹஜ்ஜுப் பெருநாளும் இந்நகரின் வேலை நேரம், உணவு, போக்குவரத்து, கடைத்தெரு ஆகிய எல்லாவற்றையும் மாற்றி அமைக்கின்றன. இந்த மாற்றத்துக்குள் வாழ்வோரில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களுள் இந்துக்கள், கிறித்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள் எனப் பலரும் அடங்குவர். பெருநாள் விடுமுறை இவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பது துபாயின் தொழிலாளர் வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

பின்னணி

1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் துபாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 59,000. 2024 இறுதியில் அது 38 இலட்சத்தைக் கடந்திருந்தது. 1966இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1969இல் ஏற்றுமதி தொடங்கிய பின்னரே பெருந்திரளான குடியேற்றம் நிகழ்ந்தது. ஆனால் கழிமுகத்தின் தென்கரையான பர் துபாயில் இந்திய வணிகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கடை வைத்திருந்தனர். இந்திய ரூபாயே அங்கு புழங்கியது. 1959 முதல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் துபாய் அதைக் கைவிட்டது. அதுவரை பெருநாளன்று சிறுவர்களுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் ஈதிய்யாக் காசும் பெரும்பாலும் இந்தியக் காசாகவே இருந்திருக்கும். இன்றைய திர்ஹம் 1973இல் வந்தது.

பிற சமயத்தாருக்கும் இடம் இருந்தது. பர் துபாயில் 1958 முதல் இந்துக் கோயில் இயங்கியது. ஷேக் ராஷித் வழங்கிய நிலத்தில் 1967இல் புனித மரியாள் தேவாலயம் திறக்கப்பட்டது.

பிறையும் வேலை நாட்களும்

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. எனவே ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1980இல் ஜூலை நடுவில் தொடங்கிய ரமலான், 2013இல் மறுபடியும் ஜூலையில் வந்தது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கு இது நாட்காட்டிச் செய்தி மட்டுமே. கட்டடச் சாரத்தின் மேல் நின்று நோன்பு நோற்பவருக்கு அப்படியன்று. நாற்பது பாகையைத் தாண்டும் வெயிலில் ஒரு மிடறு தண்ணீரின்றிப் பகலைக் கடக்க வேண்டும். கோடையில் நண்பகல் வேளையில் திறந்தவெளி வேலையைத் தடுக்கும் விதி 2005 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே எண்பதுகளின் தொடக்கத்தில் கோடை நோன்பு நோற்ற தலைமுறைக்கு அந்த நிழல் இல்லை.

பிறை தெரிந்ததா இல்லையா என்பதைப் பிறைக்குழு இரவில்தான் அறிவிக்கும். ரமலான் 29 நாளா 30 நாளா என்பதைப் பொறுத்து விடுமுறையில் ஒரு நாள் கூடலாம், குறையலாம். ஊருக்குப் போக விரும்புவோர் இதனால் பயணச்சீட்டை ஊகத்தின் பேரிலேயே எடுக்க நேர்கிறது. பெருநாளை ஒட்டி விமானக் கட்டணமும் ஏறிவிடும். மூன்று நாள் விடுப்புக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பறக்கக் கூடியவர்கள் சிலரே.

சட்டம் தந்தது

1980ஆம் ஆண்டின் எட்டாம் எண் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம், ஆண்டுக்குப் பத்து நாட்களைச் சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறையாக்கியது. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு, அரஃபா நாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சேர்த்து மூன்று நாட்கள் என வகுக்கப்பட்டது. ரமலானில் நாள்தோறும் வேலை நேரம் இரண்டு மணி குறைக்கப்பட்டது. இந்தக் குறைப்பு நோன்பு நோற்பவருக்கு மட்டும் உரியதன்று. சட்டம் சமயத்தைக் கேட்கவில்லை. வல்லத்திலிருந்து வந்த தச்சருக்கும் பஞ்சாபிலிருந்து வந்த ஓட்டுநருக்கும் அதே இரண்டு மணி நேரம்தான். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் மாற்று விடுப்போ கூடுதல் ஊதியமோ தரவேண்டும் என்ற விதியும் இருந்தது. உணவகம், மருத்துவமனை, வாடகைக் கார் ஆகிய துறைகளில் இருப்போர் பலர் இந்தக் கூடுதல் பணத்துக்காகவே பெருநாளில் வேலையைக் கேட்டு வாங்குவதுண்டு.

ஆயினும் அரசு ஊழியருக்குத் தனியார் துறையினரைவிட அதிக நாட்கள் கிடைத்துவந்தன. அலுவலகங்கள் ஒரு வாரம் மூடிக் கிடக்கையில் கட்டுமானத் தளங்கள் மூன்றாம் நாளே இயங்கத் தொடங்கிவிடும். இந்த வேறுபாடு 2019இல் அமைச்சரவை முடிவின் மூலம் நீக்கப்பட்டது.

சட்டத்தின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைத் தன் வரம்புக்குள் சேர்க்கவே இல்லை. ரமலானில் ஊருக்கெல்லாம் இரண்டு மணி வேலை குறைந்தபோது, வீட்டுச் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு வேலை கூடியது. சஹர் உணவுக்காக விடியலுக்கு முன் எழுந்து, இஃப்தார் விருந்தாளிகள் போன பின் பாத்திரம் கழுவி முடிப்பது அவளுடைய நாள். இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த இப்பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு என்பன சட்ட உரிமையானது 2017இன் பத்தாம் எண் சட்டத்தால்தான். இடைப்பட்ட 37 ஆண்டுகளின் பெருநாட்களை அவர்கள் எஜமானரின் மனத்தை நம்பியே கழித்தனர்.

நோன்புப் பகல்

ரமலான் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் 1987ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியதாயிருந்தது. ஒரு மாதம் வரை சிறை அல்லது 2,000 திர்ஹம் வரை அபராதம் விதிக்கலாம். முஸ்லிம் அல்லாதவர்களையும் இது கட்டுப்படுத்தியது. கராமா, மீனா பஜார் பகுதிகளின் சைவ உணவகங்கள் பகலில் முன்கதவை அடைத்துவிட்டுப் பொட்டலமாக மட்டும் விற்றன. வணிக வளாகங்களில் உண்ணும் பகுதியைத் திரையிட்டு மறைத்தனர். புதிதாக வந்த இளைஞருக்கு அறைத் தோழர்கள் சொல்லித்தரும் முதல் பாடம், தெருவில் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காதே என்பதுதான். 2021இல் துபாய் அரசு திரை கட்ட வேண்டியதில்லை என அறிவித்தது. பழகிப்போன பலர் அதற்குப் பின்னும் நோன்பாளிகள் முன் உண்பதைத் தவிர்த்தே வந்தனர்; அச்சத்தைவிடக் கூச்சமே இதற்குக் காரணம் எனலாம்.

மாலை நேரம் இதற்கு நேர்மாறானது. சூரியன் மறைவதைத் துபாய் காவல்துறையின் பீரங்கி முழங்கி அறிவிக்கும். பள்ளிவாசல்களின் முற்றத்திலும் கூடாரங்களிலும் பேரீச்சம்பழம், பழத்துண்டு, மோர், பிரியாணி ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். செல்வந்தர்களும் அறக்கட்டளைகளும் இதற்குச் செலவு செய்கின்றனர். யார் எந்த மதம் என எவரும் கேட்பதில்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்கு ஒரு மாத இரவு உணவுச் செலவு மிச்சமாவது சிறிய செய்தியன்று. அந்தப் பணம் அப்படியே ஊருக்குப் போகும். ஜெபல் அலியில் 2012இல் திறக்கப்பட்ட குருத்துவாராவும் பிற்காலத்தில் இஃப்தார் நடத்தியது.

தமிழ் முஸ்லிம்களுக்கு இஃப்தார் என்றால் நோன்புக் கஞ்சி. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து வந்தோர் தெயிராவில் அதை நிலைநாட்டினர். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், கொத்துக்கறி சேர்த்துப் பெரிய தேக்சாக்களில் காய்ச்சப்படும் இக்கஞ்சி, பள்ளிவாசலில் நாள்தோறும் ஏராளமானோருக்கு வழங்கப்படுகிறது. வரிசையில் நிற்போரில் வங்காளதேசத்தாரும் ஆப்பிரிக்கரும் உண்டு. அவர்களில் பலர் கஞ்சி என்ற சொல்லை அப்படியே சொல்லிக் கேட்கின்றனர்.

பெருநாள் பகல்

தொழிலாளர் குடியிருப்புகள் நகரின் ஓரத்தில் உள்ளன. முஹைஸ்னாவில் உள்ள பெரிய குடியிருப்பைத் தொழிலாளர்கள் சோனாப்பூர் என்கின்றனர். இந்தியில் பொன்னூர் என்று பொருள். ஓர் அறையில் பலர் அடுக்குக் கட்டில்களில் உறங்கும் இடத்துக்கு இப்பெயர் வைத்தவர் யாரோ, நகைச்சுவை உணர்வுள்ளவர். பெருநாளன்று சூரியன் உதித்துச் சற்று நேரத்தில் தொழுகை முடிந்துவிடும். அதன்பின் புத்தாடையுடன் ஆட்கள் பேருந்துகளில் தெயிராவுக்கு வருவர். நாயிஃப், சப்கா, பனியாஸ் சதுக்கம் எங்கும் மனிதத் தலைகள். அப்ரா படகில் ஒரு திர்ஹம் கொடுத்துக் கழிமுகத்தைக் கடப்பதே பலருக்குப் பெருநாள் உலா. ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுவர். கைப்பேசி வருமுன் தொலைபேசிக் கூண்டுகளின் முன் நீண்ட வரிசை நிற்கும். ஒலிநாடாவில் குரலைப் பதிந்து, ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதும் வழக்கமாயிருந்தது.

எல்லா இடமும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் பெருநாள் விடுமுறையின்போது துபாய் மாநகராட்சி சில பொதுக் கடற்கரைகளைக் குடும்பத்தாருக்கு மட்டும் என ஒதுக்கியது. குடும்பத்தை அழைத்துவரத் தேவையான வருமானம் இல்லாதவரே இங்கு தனியாளாக வாழ்கிறார். எனவே குடும்பம் என்ற சொல் நடைமுறையில் சம்பளத்தை அளக்கும் சொல்லாகவும் ஆனது.

பெருநாளை முன்னிட்டு ஆட்சியாளர் கைதிகளை விடுவிப்பதும் நெடுநாள் மரபு. பல நாட்டவரும் இதில் அடங்குவதால், கடன் வழக்கில் சிக்கியவர்களின் ஊர்களில் பிறையுடன் சேர்த்து இந்த அறிவிப்பும் எதிர்பார்க்கப்படும்.

2020

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 24 அன்று ரமலான் தொடங்கியபோது இஃப்தார் கூடாரங்கள் இல்லை. புலம்பெயர்ந்தோர் நெருக்கமாக வாழும் அல் ராஸ், நாயிஃப் பகுதிகள் அதற்கு முன் சில வாரங்கள் முற்றாக அடைக்கப்பட்டிருந்தன. வேலையிழந்தோரையும் கருவுற்ற பெண்களையும் ஏற்றிக்கொண்டு இந்திய அரசின் மீட்பு விமானங்கள் மே 7 அன்று, நோன்பு மாதத்திலேயே, அமீரகத்திலிருந்து கேரளத்துக்குப் புறப்பட்டன. சென்னைக்கும் அடுத்தடுத்து விமானங்கள் சென்றன. மே 24 அன்று வந்த நோன்புப் பெருநாள் தொழுகையை அவரவர் அறையிலேயே தொழுதனர். ஜூலை 1 முதல் பள்ளிவாசல்கள் கட்டுப்பாடுகளுடன் திறந்தன; ஆனால் அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையும் வீட்டிலேயே நடந்தது. கூட்டாக நின்று பெருநாள் தொழ 2021 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.