திமிங்கிலம் மீனாகாமை

ஒரு பொருளைப் பிறவற்றினின்றும் பிரித்துணர்த்தும் சிறப்பியல்பே இலக்கணம் எனப்படும். அஃது அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என்னும் முக்குற்றமும் இன்றி அமைதல் வேண்டும் என்பது தருக்க நூலார் துணிபு. பசுவிற்குக் கபில நிறமுடைமை இலக்கணமெனின், வெண்பசுவின்கண் செல்லாமையின் அவ்வியாத்தி. கொம்புடைமை எனின், எருமைக்கும் சேறலின் அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடைமை எனின், எப்பசுவினும் இன்மையின் அசம்பவம். அலைதாடியுடைமையே குற்றமற்ற இலக்கணமாம்.

மேனாட்டார் உயிர்களை உறுப்பியல்பு பற்றி வகுத்த வரலாற்றினும் இக்குற்றங்கள் நேர்ந்தமையும் நீங்கினமையும் காணப்படும். அதற்குத் திமிங்கிலமே தக்க சான்று.

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், குருதியுடையன, குருதியில்லன என விலங்குகளை இருபாற்படுத்தார். ஓங்கிலும் திமிங்கிலமும் நுரையீரலான் உயிர்த்துக் குட்டியீன்று பாலூட்டுதலை அறிந்து, அவற்றை மீனின் வேறாய தனியினமாக வைத்தார்.

பின்னர்ச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735-இல் வெளியிட்ட நூலில், நாற்கால் விலங்கு, பறவை, நீர்நில வாழ்வன, மீன், பூச்சி, புழு என ஆறு வகுப்புக் கூறினார். முதல் வகுப்பின் பெயரிலேயே நாற்காலுடைமை அமைந்தமையின், காலற்ற திமிங்கிலம் அதனுட் புகாது மீனொடு வைக்கப்பட்டது. நாற்காலுடைமையோ தவளைக்கும் பல்லிக்கும் சேறலின் அதிவியாத்தி; பாலூட்டும் திமிங்கிலத்தின்கண் இன்மையின் அவ்வியாத்தி. துடுப்புடைமை மீனுக்கு இலக்கணமெனின், அதுவும் திமிங்கிலத்தின்கண் சென்று அதிவியாத்தியாம். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் அவரே அவ்வகுப்பைப் பாலூட்டிகள் எனப் பெயர் மாற்றித் திமிங்கிலத்தை அதனுட் சேர்த்தார்.

அற்றேல், ஆண் விலங்கு பாலூட்டாமையின் அவ்விலக்கணமும் அவ்வியாத்தியன்றோ எனின், அன்று. ஈண்டுக் கருதியது இனத்தினியல்பேயன்றித் தனியுயிரின் செயலன்று என்க. இனிக் குட்டியீனலையே இலக்கணமாகக் கொள்ளின் என்னையெனின், ஆஸ்திரேலியாவில் வாழும் வாத்தலகுடைய பிளாட்டிபஸ் முட்டையிடுமென 1884-இல் உறுதிப்பட்டது. அதுவும் தன் குஞ்சிற்குப் பாலூட்டும். ஆகலின் குட்டியீனல் அதன்கண் செல்லாது. பாலூட்டலோ அதனினும் பிழையாது நின்றது.

இக்காலத்தார் என்பும் மரபணுவும் ஆராய்ந்து, இன்று வாழும் நில விலங்குகளுள் திமிங்கிலத்திற்கு அணுக்க உறவினது நீர்யானையே எனத் தெளிந்தனர். உருவொப்புமை மாத்திரையே பற்றி இனம் துணிவார்க்கு அவ்வுறவு புலனாகாது. ஆகலின் புறத்தோற்றம் ஐயத்தை எழுப்புதற்கே உரியது, துணிவு இலக்கணத்தின்கண்ணது.