கெட்டியும் நீர்த்ததும்: ஒரு பானத்தின் வரலாறு

பிலிப்பைன்ஸ் மக்களின் தேசிய வீரர் ஹோசே ரிசால் எழுதிய 'நோலி மே தாங்கெரே' என்னும் நாவல் 1887-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் அச்சேறியது. ஸ்பானிய ஆட்சியையும் அதன் நிழலில் கோலோச்சிய பாதிரிமாரையும் தோலுரித்துக் காட்டிய நூல் அது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1896 டிசம்பர் 30-ஆம் திகதி, ரிசால் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த நாவலில் ஒரு சிறிய செய்தி வருகிறது. ஊர்ப் பாதிரியாரைப் பற்றி அவரை வெறுப்பவர்கள் சொல்லும் கதை அது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பாதிரியார் பணியாளனைக் கூப்பிட்டுச் சொக்லேட் தயாரிக்கச் சொல்வாராம். சொல்லி முடிக்கும்போது 'எ' என்று இழுத்தால் 'எஸ்பெசோ', அதாவது கெட்டியானது. 'அ' என்று இழுத்தால் 'அகுவாடோ', அதாவது நீர்த்தது. வந்தவருக்கு எதுவும் விளங்காது. ஆனால் அவருடைய தகுதி என்னவென்று அடுக்களையில் தீர்ப்பாகிவிடும்.

ஒரு கூட்டத்துக்குச் சூடான சொக்லேட் பானம் தயாரிக்க முற்படும் எவரும், அறிந்தோ அறியாமலோ, இந்தப் பாதிரியாரின் கேள்வியை எதிர்கொள்கிறார். கெட்டியானது யாருக்கு? நீர்த்தது யாருக்கு? இந்தப் பானத்தின் வரலாறு முழுவதிலும் ஓடிக் கொண்டிருப்பது இதே கேள்விதான்.

முதலில் பண்டத்தின் இயல்பைப் பார்த்துவிடுவோம். கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. வறுத்து அரைத்து நீரில் இட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். மண்டி அடியில் தங்கும். ஒரு கோப்பை என்றால் கலக்கிக் குடித்துவிடலாம். ஐம்பது பேருக்கான பானையில் இது பெரும் சிக்கல். முதலில் வாங்குபவனுக்கு எண்ணெய், நடுவில் வாங்குபவனுக்கு நிறம் மாறிய தண்ணீர், கடைசியில் வருபவனுக்கு மண்டி. எல்லோருக்கும் ஒரே பதத்தில் கொடுக்க வேண்டுமானால் கொழுப்பையும் நீரையும் இணங்க வைக்க வேண்டும். ஆற்றுதல், கடைதல், மா சேர்த்தல் என்ற மூன்று வழிகளை மனிதர் அதற்குக் கண்டறிந்தார்கள். மூன்றும் நமது அடுக்களைக்குப் பழக்கமானவையே.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. இன்றைய எக்குவடோரின் தென்கிழக்குப் பகுதியில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதனைப் பயன்படுத்தியதற்கான தடயங்கள் 2018-இல் வெளியான ஆய்வில் கிடைத்தன. அதைப் பெரும் பண்பாடாக வளர்த்தவர்கள் மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த மக்கள். குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்ற இடத்துக் கல்லறையொன்றில் 1984-இல் கண்டெடுக்கப்பட்ட மட்பாண்டம் ஒன்றில் மாயா எழுத்தில் 'ககாவ்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தது. உள்ளே படிந்திருந்ததைப் பரிசோதித்தபோது அது கொக்கோ என்பது உறுதியாயிற்று. இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள மாயா குவளையொன்றில் ஒரு பெண் நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து கீழேயுள்ள இன்னொரு பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். தேநீர்க் கடையில் நாம் நாள்தோறும் காணும் அதே ஆற்றுதல்தான். அங்கு நோக்கம் நுரை. நுரையே பானத்தின் மேன்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

விதையை அரைத்தது அம்மியில். அவர்களுடைய அம்மிக்குக் கீழே தணல் வைப்பதுண்டு. சூட்டில் கொழுப்பு இளகி, விதை கூழாக இறங்கும். முழங்காலிட்டு மணிக்கணக்காக அரைத்தவர்கள் பெண்கள். அரச சபைகளின் வரலாற்றை எழுதியவர்கள் அந்த முழங்கால்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

அஸ்டெக் மக்களிடையே கொக்கோ விதை பணமாகவும் புழங்கியது. ஸ்பானியர் வந்த பின்னரும் அது நீடித்தது. 1545-ஆம் ஆண்டைச் சேர்ந்த விலைப்பட்டியல் ஒன்றின்படி நல்ல வான்கோழிப் பெட்டையொன்று 100 விதை. வான்கோழி முட்டை 3 விதை. பெரிய தக்காளி ஒரு விதை. இந்தப் பானத்தைக் குடிப்பவன் பணத்தை அரைத்துக் குடிக்கிறான் என்பதே இதன் பொருள். ஆகவே அது பிரபுக்களுக்கும் போர்வீரருக்கும் பெருவணிகருக்கும் உரியதாயிற்று. சாமானியருக்குக் கிடைத்தபோது சோளக் கூழில் கரைந்தே கிடைத்தது.

பெருங்கூட்டத்துக்குச் சொக்லேட் பரிமாறப்பட்ட மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று பெர்னால் தியாஸ் என்ற ஸ்பானியப் படைவீரன் எழுதியது. 1519-இல் மொக்டெசுமா மன்னனின் விருந்தைக் கண்ட அவன், மன்னனின் உணவு வேளையில் நுரை பொங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட பெருங்குடங்கள் வந்ததாகவும், பின்னர் காவலருக்கும் ஏவலருக்குமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடங்கள் வந்ததாகவும் குறிக்கிறான். பல பத்தாண்டுகளின் பின் முதுமையில் எழுதிய கணக்கு என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயினும் ஒரு அரண்மனை அடுக்களை அந்தப் பானத்தைப் பேரளவில் தயாரிக்கக் கற்றிருந்தது என்பது தெளிவு. அக்கால மெக்சிக்கோவைப் பற்றித் தகவல் திரட்டிய சஹாகுன் பாதிரியார், நல்ல சொக்லேட் விற்பவளையும் தண்ணீர் ஊற்றி ஏமாற்றுபவளையும் தனித்தனியே விவரிக்கிறார். 'அ'வும் 'எ'யும் ரிசாலின் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இருந்தன.

ஸ்பானியர் இதில் சீனியைச் சேர்த்தார்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றுவதற்குப் பதிலாக மரத்தாலான மத்து வந்தது. அதை 'மோலினியோ' என்பார்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டிக் கடைவது. மோர் கடைந்த வீட்டில் பிறந்த எவருக்கும் அதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகச் சேர்ந்த பொருள் நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது. 1631-இல் கொல்மெனெரோ தெ லெதெஸ்மா என்ற ஸ்பானிய மருத்துவர் சொக்லேட் பற்றி எழுதிய நூலின் செய்முறையில் கறுவா இடம்பெறுகிறது. அப்போது ஸ்பெயின் மன்னரே போர்த்துக்கலுக்கும் மன்னர். இலங்கையின் தென்மேற்குக் கரையோரக் கறுவா போர்த்துக்கேயர் கையில் இருந்தது. 1656-இல் கொழும்பு ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது, கறுவாவும் கைமாறியது. கொடி மாறியதே தவிரக் கறுவா உரித்த சாலாகம மக்களின் கட்டாய உழைப்பு மாறவில்லை. மெக்சிக்கோவில் இன்றும் சொக்லேட்டுக்கு விரும்பப்படுவது மெல்லிய இலங்கைக் கறுவாதான். நமது கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் மெக்சிக்கோ முன்னணியில் நிற்கிறது. உலகத்தின் மறுகோடியில் கிறிஸ்மஸ் இரவில் கொதிக்கும் பானையில் காலியின், மாத்தறையின் மணம் எழுகிறது.

ஐரோப்பாவில் இந்தப் பானம் முதலில் மேன்மக்களின் பீங்கான் கோப்பைக்குள் அடங்கியிருந்தது. 1657-இல் இலண்டன் பிஷப்ஸ்கேற் பகுதியில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொக்லேட் கடை திறந்தார். பணம் கொடுத்தால் யாரும் குடிக்கலாம் என்பது கோட்பாடு. விலையோ சாமானியருக்கு எட்டாதது. இத்தகைய கடைகளில் அரசியல் பேசப்படுகிறது என்று அஞ்சிய இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1675 டிசம்பரில் கோப்பி, சொக்லேட், தேநீர்க் கடைகளை மூடும்படி பிரகடனம் வெளியிட்டார். எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் அதைக் கைவிட்டார். மக்கள் கூடிப் பருகும் இடத்தை அதிகாரம் சந்தேகத்தோடு பார்ப்பது புதிய செய்தியல்ல.

சாமானியர் கைக்குச் சொக்லேட் வந்ததற்கு இயந்திரமே காரணம். 1828-இல் ஒல்லாந்து நாட்டின் வன் ஹூட்டன் குடும்பத்தினர் கொக்கோவை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார்கள். கொழுப்பின் பாதியளவு வெளியேறியது, எஞ்சியதைத் தூளாக்கலாம், காரம் சேர்த்துப் பதப்படுத்தினால் நீரில் எளிதாகக் கலக்கும். மத்துக்கும் ஆற்றுதலுக்கும் வேலை குறைந்தது. விலையும் காலப்போக்கில் இறங்கியது. ஆனால் பிரித்த கொழுப்பு தின்னும் சொக்லேட்டுக்குப் போயிற்று; கோப்பைக்கு வந்தது மெலிந்த தூள். போதாததற்கு வணிகர்கள் மாவையும் செங்கற்பொடியையும் கலந்தார்கள். 1850-களில் 'லான்செற்' மருத்துவ இதழ் நடத்திய பரிசோதனைகள் இந்த மோசடியை அம்பலப்படுத்தின. பத்திரிகை எழுத்தால் சட்டம் பிறந்த நற்சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று.

இதே நூற்றாண்டில்தான் கூட்டத்துக்கான கொக்கோவும் வந்தது. 1870-களில் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளரை மதுக்கடையிலிருந்து மீட்பதற்காகக் கொக்கோக் கூடங்கள் திறக்கப்பட்டன. பிரித்தானியக் கடற்படையில் இரவுக் காவலில் நின்ற மாலுமிகள், கட்டிச் சொக்லேட்டைக் கத்தியால் சீவிக் கொதிநீரிலிட்டு, சீனியும் டின்பாலும் சேர்த்துக் கரண்டி நிற்குமளவு கெட்டியாகக் குடித்தார்கள். அதற்கு 'கை' என்று பெயர். கடைநிலை மாலுமிக்கும் கெட்டியானதே கிடைத்தது என்பதைக் குறித்துக் கொள்ளலாம்.

பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் அடுத்த அத்தியாயத்தை என்னால் விரைந்து கடக்க முடியாது. குடிப்பவருக்கு நியாயம் கிடைத்துக் கொண்டிருந்தபோது விளைவிப்பவரின் நிலை என்ன? 1904-05 காலத்தில் ஹென்றி நெவின்சன் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர் அங்கோலாவுக்குப் பயணம் செய்தார். உள்நாட்டிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்ற பெயரில் போர்த்துக்கேயரின் சாவோ தோமே தீவுக் கொக்கோத் தோட்டங்களுக்கு அனுப்பப்படுவதை அவர் எழுதினார். திரும்பி வந்தவர் இல்லை. அந்தத் தீவின் கொக்கோவை வாங்கியவர்களுள் அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் மதப்பிரிவினரான கட்பரி நிறுவனத்தாரும் இருந்தனர். 1908-இல் 'ஸ்ராண்டர்ட்' நாளிதழ் இந்த முரண்பாட்டைக் குத்திக்காட்டி எழுதியது. நிறுவனம் மானநட்ட வழக்குத் தொடர்ந்தது. 1909 மார்ச் மாதத்தில் சாவோ தோமே கொக்கோவை வாங்குவதை நிறுத்தவும் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் பேர்மிங்காம் நீதிமன்றில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். வழக்கில் கட்பரிக்கே வெற்றி. நட்டஈடு ஒரு பார்திங், அதாவது ஒரு பென்னியின் நான்கிலொரு பங்கு!

இலங்கையிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, மாத்தளை, தும்பறைப் பகுதிகளில் துரைமார் கொக்கோவை நட்டனர். அங்கு உழைத்தவர்களுள் தமிழகத்திலிருந்து நடந்து வந்த நமது மக்களும் இருந்தனர். இன்று உலகக் கொக்கோவின் பாதிக்கு மேல் ஐவரிகோஸ்ற், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அவ்விரு நாடுகளின் கொக்கோ உற்பத்தியில் சுமார் 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் உழைப்பதாகச் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2020-இல் அறிக்கையிட்டது. பார்திங் தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறது.

நம்பிக்கைக்குரிய வழக்கமும் ஒன்றுண்டு. பெரு நாட்டில் டிசம்பர் மாதம் கோவில்களும் பாடசாலைகளும் நகரசபைகளும் பெரும் பானைகளில் சொக்லேட் காய்ச்சி ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்குகின்றன. 'சொக்கோலத்தாதா' என்பது அதன் பெயர். கறுவா, கராம்பு, டின்பால் சேர்ந்த பானம். கூடவே 'பனெத்தோன்' என்ற இனிப்பு ரொட்டி. அங்கு டிசம்பர் கோடை. லீமாவின் வெயிலிலும் வரிசையில் நின்று சுடச்சுடக் குடிக்கிறார்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளின் குளிரில் ஒன்றுகூடல் நடத்தும் நண்பர்களுக்காக இருபது பேருக்கான அளவைத் தருகிறேன். பால் 4 லீற்றர், கறுப்புச் சொக்லேட் 400 கிராம், கொக்கோத் தூள் 100 கிராம், சீனி 250 கிராம், சோளமா 40 கிராம், இரண்டு துண்டு கறுவா, ஒரு சிட்டிகை உப்பு. தூள், சீனி, மா, உப்பு ஆகியவற்றைக் குளிர்ந்த பால் சிறிதளவில் கட்டியின்றிக் கரைத்துக் கொள்ளவும். மீதிப் பாலை அடி கனத்த பாத்திரத்தில் கறுவாவுடன் காய்ச்சி, கரைசலை ஊற்றி, மா வேகும்வரை நான்கைந்து நிமிடம் மெல்லிய தீயில் துழாவவும். அடுப்பை அணைத்த பின் சீவிய சொக்லேட்டைப் போட்டு மத்தால் நன்றாகக் கடையவும். கூட்டம் பெரிதானால் ஒரே பெரும் பானையை விட இரண்டு பானைகள் நல்லது, அடிப்பிடிக்காது. சோளமாதான் கொழுப்பை மிதக்க விடாமல் தாங்குகிறது. பழைய மெக்சிக்கோவின் சோளக் கூழ் செய்த வேலையும் அதுவே.

ஒவ்வொரு முறை அள்ளும்போதும் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்க மறக்கக் கூடாது. முதலில் வந்த பிரமுகருக்கும் கடைசியில் பாத்திரம் கழுவ நின்றவருக்கும் ஒரே பதம் கிடைக்க வேண்டும். 'எ' என்றோ 'அ' என்றோ அடுக்களையைப் பார்த்து யாரும் இழுக்க வேண்டியதில்லை.